128 கேபிபிஎஸ் பாட்டை 320 ஆக மாற்றினால் தரம் கூடுமா? ஆடியோ கன்வெர்ட் செய்யும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பழைய கேசட், மெமரி கார்டில் கிடக்கும் பாட்டு, போனில் பதிந்த பேச்சு என எதைக் கன்வெர்ட் செய்யப் போனாலும் ஆப் முதலில் கேட்பது இரண்டு விஷயங்கள்தான். சாம்பிள் ரேட் எவ்வளவு? பிட்ரேட் எவ்வளவு? பெரும்பாலானோர் பெரிய எண்ணைத் தேர்வு செய்துவிட்டு, "இனி சூப்பரா கேட்கும்" என்று நம்பி ஒரிஜினல் ஃபைலை டெலிட் செய்துவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

சினிமா பாட்டு என்றால் இன்னொரு பிரதி எங்காவது கிடைத்துவிடும். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்த்த அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டோ, தாத்தா பாட்டியின் குரலோ உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான். அதைத் தவறான செட்டிங்கில் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டு எண்களும் உண்மையில் எதைச் சொல்கின்றன? எளிமையாகப் பார்க்கலாம்.

சாம்பிள் ரேட் என்றால் என்ன?

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. மைக் அந்த அதிர்வை மின்சார அலையாக மாற்றுகிறது. கம்ப்யூட்டரோ போனோ அந்த அலையை அப்படியே சேமிக்க முடியாது. குறிப்பிட்ட இடைவெளியில் அலையின் உயரத்தை அளந்து, எண்களாகத்தான் எழுதி வைக்கும்.

ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதுதான் சாம்பிள் ரேட். 44,100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்திருக்கிறது என்று அர்த்தம். சினிமாவில் விநாடிக்கு 24 படங்களை ஓடவிட்டால் அசைவு போலத் தெரிகிறது இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும்.

எத்தனை முறை அளந்தால் போதும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதிய வேண்டிய ஒலியின் உச்ச அதிர்வெண் எதுவோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் ஆய்வுகளில் இருந்து வந்த விதி இது.

மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற இந்த வரம்பும் குறையும். 20,000-ன் இரு மடங்கு 40,000. அதற்குக் கொஞ்சம் மேலே இருப்பதுதான் சிடியில் பயன்படுத்தப்படும் 44,100.

44,100 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. 40,000 என்றோ 45,000 என்றோ முழு எண்ணாக வைத்திருக்கலாமே?

இதற்குக் காரணம் டிவி. 1970-களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைப் பதிந்து வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது வீடியோ டேப்பில்தான். அதனால் ஒலியின் எண்களை டிவி படத்தின் கோடுகளுக்குள் நுழைத்துப் பதிந்தார்கள். ஒரு கோட்டில் 3 சாம்பிள், ஒரு ஃபீல்டில் 245 கோடுகள், விநாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கினால் 44,100.

விநாடிக்கு 50 ஃபீல்டு ஓடும் டிவி முறையில் 294 கோடுகளைப் பயன்படுத்தினால், 3 × 294 × 50. அதுவும் 44,100! இரண்டு வகை வீடியோ கருவிகளுக்கும் ஒத்துப்போனதால் அதுவே நிலைத்தது. 1982-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சிடி விற்பனைக்கு வந்தபோதும் இதே எண்தான்.

பின்னர் டிவி, வீடியோ துறை 48,000 ஹெர்ட்ஸுக்கு மாறியது. இன்று பாட்டு ஃபைல்களில் 44,100-ம், வீடியோக்களில் 48,000-ம் அதிகம் தென்படுவது இதனால்தான்.

பிட் டெப்த் என்று ஒன்று இருக்கே, அது?

சாம்பிள் ரேட் என்பது எத்தனை முறை அளக்கிறோம் என்பது. பிட் டெப்த் என்பது எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது. சென்டிமீட்டர் கோடு மட்டும் உள்ள ஸ்கேலுக்கும், மில்லிமீட்டர் கோடும் உள்ள ஸ்கேலுக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான்.

16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல். பாட்டு கேட்க 16 பிட் தாராளம். ஆனால் புதிதாகப் பதிவு செய்யும்போது 24 பிட் நல்லது. சத்தம் குறைவாகப் பதிவாகிவிட்டாலும், பிறகு அதை உயர்த்தும்போது தரம் அதிகம் பாதிக்காது.

சரி, பிட்ரேட் என்றால்?

ஒரு விநாடி ஒலியைச் சேமிக்க எத்தனை பிட் செலவாகிறது என்பதுதான் பிட்ரேட். கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்று பொருள்.

சிடி ஒலிக்கு இது வெறும் பெருக்கல் கணக்கு. 44,100 சாம்பிள் × 16 பிட் × இடது, வலது என 2 சேனல் = 14,11,200 பிட். அதாவது சுமார் 1,411 கேபிபிஎஸ். கம்ப்யூட்டரில் வேவ் ஃபைலாகச் சேமித்தால் இந்த அளவு அப்படியே இருக்கும்.

எம்பி3-ல் இது வெறும் 128 கேபிபிஎஸ் ஆகக் கூட இருக்கலாம். கிட்டத்தட்ட 11-ல் ஒரு பங்கு! மீதி எங்கே போனது?

தூக்கிப் போட்டுவிட்டது என்பதுதான் பதில். கோயில் திருவிழாவில் மேளம் அதிரும்போது பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. ஒரு பெரிய சத்தம் அதன் அருகில் உள்ள சின்னச் சத்தத்தை மறைத்துவிடும். காதின் இந்த இயல்பைத்தான் எம்பி3 பயன்படுத்திக்கொள்கிறது. எந்தச் சத்தம் போனால் பெரும்பாலும் தெரியாதோ, அதற்கான பிட்களைக் குறைத்துவிடும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய தொழில்நுட்பம் இது.

பிட்ரேட் தாராளமாக இருந்தால் கொஞ்சமாகத்தான் வெட்டும். குறைத்தால், காதுக்குத் தெரியும் ஒலியிலும் கை வைக்கும். 64 கேபிபிஎஸ் பாட்டில் ஜால்ரா சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கேட்பது இதனால்தான்.

ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கும்?

கேபிபிஎஸ் எண்ணை விநாடிகளால் பெருக்கி, 8,000-ல் வகுத்தால் மெகாபைட் கிடைத்துவிடும். 5 நிமிடப் பாட்டுக்கு:

• வேவ், சிடி தரம்: சுமார் 53 மெகாபைட்
• எம்பி3 320 கேபிபிஎஸ்: 12 மெகாபைட்
• எம்பி3 128 கேபிபிஎஸ்: 4.8 மெகாபைட்
• எம்பி3 64 கேபிபிஎஸ்: 2.4 மெகாபைட்

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எம்பி3-ல் ஃபைல் அளவை முடிவு செய்வது பிட்ரேட்தான், சாம்பிள் ரேட் அல்ல. 128 கேபிபிஎஸ் என்று வைத்துவிட்டு சாம்பிள் ரேட்டை 44,100-ல் இருந்து 48,000 ஆக மாற்றினால் அளவும் மாறாது, தரமும் கூடாது.

128-ஐ 320 ஆக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. ஒரு துளிகூடக் கூடாது.

மங்கலான ஜெராக்ஸ் ஒன்றை, விலை உயர்ந்த பளபள பேப்பரில் மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து தெளிவாகுமா? ஆகாது. அதே மங்கல்தான் வரும், பேப்பர் செலவு மட்டும் கூடும். இங்கேயும் அப்படித்தான். 4.8 மெகாபைட் இருந்த பாட்டு 12 மெகாபைட் ஆகும். 128-ல் வெட்டிப் போட்ட ஒலி திரும்ப வராது.

உண்மையில் தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கன்வெர்ட் செய்யும்போது ஃபைல் முதலில் விரிக்கப்பட்டு, மறுபடியும் ஒருமுறை வெட்டப்படுகிறது. எம்பி3-ல் இருந்து ஏஏசி, அதிலிருந்து மறுபடி எம்பி3 என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் இழப்பு சேரும்.

இணையத்தில் "320 கேபிபிஎஸ் ஹெச்டி" என்று போட்டிருக்கும் பாட்டு உண்மையிலேயே அந்தத் தரம்தானா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தரித்தது போல் நின்றுவிடும். ஃபைல் பெயரில் 320 என்று இருந்தும் படம் 16,000-லேயே நின்றால், அது சின்ன ஃபைலை ஊதிப் பெரிதாக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாம்பிள் ரேட்டைக் கூட்டினாலும் இதே கதைதானா?

ஆமாம். பழைய வகை போன் அழைப்புகளில் விநாடிக்கு 8,000 சாம்பிள்தான். அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி பதிவாகவே பதிவாகாது. போனில் 'ஸ்' சொன்னதா 'ஃப்' சொன்னதா என்று குழப்பம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த எழுத்துகளின் அடையாளம் அதற்கு மேலேதான் அதிகம் இருக்கிறது.

அப்படிப் பதிந்த குரலை 44,100 ஆக மாற்றினால், ஆப் இடையில் எண்களை நிரப்பும், அவ்ளோதான். பதிவாகாத ஒலி புதிதாகப் பிறக்காது.

ஆனால் சாம்பிள் ரேட்டைக் குறைத்தால் இழப்பு நிச்சயம். நாதஸ்வரக் கச்சேரியை 8,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றிச் சேமித்துவிட்டு ஒரிஜினலை அழித்தால், 4,000-க்கு மேல் இருந்த எல்லாமே போச்சு.

குரல் தடித்து, இழுத்து இழுத்துக் கேட்கிறதா?

கன்வெர்ட் செய்த பிறகு இப்படி நடந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் இது சாம்பிள் ரேட் குளறுபடி. 48,000-ல் பதிந்த ஃபைலை, 44,100 என்று தவறாக எடுத்துக்கொண்டு ஓட்டினால் வேகம் குறையும். 60 நிமிடப் பதிவு 65 நிமிடத்துக்கு மேல் ஓடும், குரலும் கனத்துப் போகும். நேர்மாறாக நடந்தால் குரல் கீச்சென்று வரும்.

வீடியோவில் போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாக விலகுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். இதில் ஒலி அழியவில்லை, லேபிள்தான் தப்பு. ஒரிஜினல் கையில் இருந்தால் சரியான எண்ணைக் கொடுத்து மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

எதற்கு எந்த செட்டிங்?

• சிடியில் இருந்து பாட்டு எடுக்க: 44,100 ஹெர்ட்ஸ், எம்பி3 256 அல்லது 320 கேபிபிஎஸ். ஏஏசி என்றால் 256 போதும். ஒரே பிட்ரேட்டில் எம்பி3-ஐ விட ஏஏசி பொதுவாக நன்றாகக் கேட்கும்.
• பேச்சு, சொற்பொழிவு, பாடக் குறிப்பு: மோனோ, எம்பி3 64 முதல் 96 கேபிபிஎஸ். ஸ்டீரியோ தேவையில்லை.
• மிகச் சின்ன ஃபைல் வேண்டும், பேச்சு மட்டும்: மோனோ, 32 கேபிபிஎஸ், சாம்பிள் ரேட் 22,050. இருக்கும் கொஞ்சப் பிட்டும் குரலுக்கே செலவாகும்.
• வீடியோவில் சேர்க்க: 48,000 ஹெர்ட்ஸ்.
• விபிஆர் என்ற ஆப்ஷன் இருந்தால்: தாராளமாகத் தேர்வு செய்யலாம். அமைதியான இடத்தில் குறைவாகவும், இசை நெருக்கமான இடத்தில் அதிகமாகவும் பிட் செலவழிக்கும்.
• பத்திரப்படுத்தி வைக்க: வேவ் அல்லது ஃபிளாக். ஃபிளாக் ஒலியில் எதையும் வெட்டாமல் ஜிப் ஃபைல் போல மடித்து வைக்கும், இடமும் மிச்சம்.
• போனிலேயே பதிந்த குரல், வாய்ஸ் மெசேஜ்: அந்த ஃபைலை அப்படியே காப்பி எடுத்து வையுங்க. "தரத்தைக் கூட்டுறேன்" என்று மாற்றவே வேண்டாம்.

வீட்டில் கேசட் இருக்கா? கவனம்!

மேலே சொன்னதெல்லாம் மிக முக்கியமாகப் பொருந்துவது வீட்டுக் கேசட்களுக்குத்தான். கேசட்டில் இருப்பது டிஜிட்டல் எண் இல்லை, காந்தப் பூச்சு. ஈரம், பூஞ்சை, சூடு எல்லாமே அதைப் பாதிக்கும். பழைய நாடா பிளேயரில் சிக்கி அறுந்து போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் தடவை ஓட்டும்போதே நல்ல செட்டிங்கில் பதிந்துவிட வேண்டும். இன்னொரு சான்ஸ் கிடைக்காமலும் போகலாம்.

ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ, இதுபோன்ற பழைய பதிவுகளுக்குக் குறைந்தபட்சம் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. சாதாரண வீட்டுக் கேசட்டில் 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவதே கஷ்டம். எனவே வீட்டு உபயோகத்துக்கு இந்த அளவு தாராளம்.

இடம் நிறைய ஆகுமே என்று யோசிக்கிறீங்களா? இந்த அளவில் 60 நிமிடக் கேசட் ஒன்று, ஸ்டீரியோ வேவ் ஃபைலாகச் சுமார் 1 ஜிபி வரும். 20 கேசட் இருந்தாலும் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும்.

பதியும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிய வேண்டாம். ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் சேர்ந்துவிடும். பிளேயரின் ஹெட்போன் பின்னில் இருந்தோ லைன் அவுட்டில் இருந்தோ கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வாங்க.

2. சத்தத்தின் அளவு சிவப்புக் கோட்டைத் தொடக் கூடாது. உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. சத்தம் கூடிப்போய் அலையின் தலை வெட்டுப்பட்டால், எவ்வளவு பிட்ரேட் கொடுத்தாலும் அது முழுசாகச் சரியாகாது.

3. கேசட்டை ஃபைலாக மாற்றும் சின்னக் கருவிகளில் சில, நேரடியாக எம்பி3 ஆகவே பதியும். வாங்கும் முன் வேவ் ஃபைலாகப் பதியுமா என்று கேளுங்க.

4. கடையில் கொடுத்து மாற்றினால், "எம்பி3 மட்டும் வேண்டாம், வேவ் ஃபைலும் வேணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்குங்க.

5. இரைச்சலை நீக்கும் வேலையை எல்லாம் காப்பியில் மட்டும் செய்யுங்க. முதலில் பதிந்த ஃபைலைத் தொடவே வேண்டாம். இரைச்சலோடு சேர்த்து குரலின் நுணுக்கமும் போய்விடலாம்.

6. ஒரு காப்பி வீட்டில், இன்னொன்று வேறு டிரைவில், மூன்றாவது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ ஆன்லைன் சேமிப்பிலோ இருக்கட்டும்.

வேவ் ஃபைல் தயாரான பிறகு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பகிர அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை வேறு ஃபார்மட் தேவைப்பட்டால், அந்த எம்பி3-ல் இருந்து மாற்றாமல் மறுபடியும் வேவ் ஃபைலில் இருந்தே மாற்றுங்க.

96,000, 192,000 எல்லாம் தேவையா?

எடிட்டிங், ஆவணப் பாதுகாப்பு செய்பவர்களுக்கு இவை பயன்படும். ஆனால் பாட்டு கேட்பதற்கு, 44,100-லேயே காது கேட்கும் வரம்பு முழுவதும் அடங்கிவிடுகிறது.

புளூடூத் இயர்போனில் கேட்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கணும். எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி முறையில் வழக்கமான உயர் தர அளவே சுமார் 328 கேபிபிஎஸ்தான். போனில் எவ்வளவு பெரிய ஃபைல் இருந்தாலும் காதுக்குப் போகும் முன் மறுபடி சுருக்கப்பட்டுவிடும்.

உங்க ஃபைலின் தரத்தை எப்படிப் பார்ப்பது?

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஃபைலை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் உள்ள கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் சாம்பிள் ரேட், சேனல், ஃபார்மட் விவரங்கள் தெரியும். கன்வெர்ட் செய்யும் முன் இதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஃபைலில் இருப்பதை விடப் பெரிய எண்ணைத் தேர்வு செய்யாமல் இருந்தாலே வீண் வேலை பாதி குறையும்.

மொத்தத்தில், கன்வெர்ட்டர் ஆப்பால் ஒலியைக் குறைக்க முடியும், வடிவத்தை மாற்ற முடியும். போன ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரிஜினல் கையில் இருக்கும் வரை எந்தத் தப்பையும் திருத்திக்கொள்ளலாம். அதனால் டெலிட் பட்டனைத் தொடும் முன், கன்வெர்ட் ஆன ஃபைலை முதல் நிமிடத்தில் இருந்து கடைசி நிமிடம் வரை ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பாருங்க. வீட்டுக் குரல் என்றால், கேட்ட பிறகும் ஒரிஜினலை அழிக்காதீங்க!